பால் மரத்தின் பட்டையை ஆராய்ந்த ரிட்லி

கோல சிலாங்கூர், ஜெராம், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் உளியோடு நிரைக்குச் சென்ற நம் முன்னோரின் தொழிலுக்குப் பின்னால் ஒரு தாவரவியலாளரின் ஆய்வு இருக்கிறது. அவர் ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி.

1855-இல் இங்கிலாந்தில் பிறந்த ரிட்லி, 1888-இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்றார். பிரேசில் விதையில் முளைத்த 22 ரப்பர் கன்றுகள் 1877-இல் லண்டன் கியூ பூங்காவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்திருந்தன. அவற்றின் வழிவந்த மரங்களை அவர் ஆராய்ந்தார்.

அமேசான் காடுகளில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். மரம் பாழானது. பட்டைக்கு அடியில் உள்ள வளர்படலத்தில் உளி படாமல், முந்தைய வெட்டின் விளிம்பையே மெல்லச் சீவினால் பால் மீண்டும் பெருகும், பட்டையும் புதிதாக வளரும் என்று ரிட்லி காட்டினார்.

காப்பித் தோட்டக்காரர்கள் முதலில் கேட்கவில்லை. சட்டைப்பையில் விதையோடு அலைந்தவருக்குப் பைத்தியக்கார ரிட்லி என்று பெயர் வைத்தனர். 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் ரப்பரைப் பெரிய அளவில் நட்டார். பிறகு காப்பி விலை சரிந்தது. மோட்டார் வண்டிகளின் டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. சிலாங்கூரிலும் கித்தா மரங்கள் பரவின. மரம் சீவத் தமிழகத்திலிருந்து ஆட்கள் கப்பலேறினர்.

மலாய் மக்களின் மூலிகைகளைப் பற்றியும் எழுதிய ரிட்லி, மலாயாவின் தாவரங்களை 5 தொகுதிகளில் பதிவு செய்தார். நூறு வயது கடந்து 1956-இல் மறைந்தார்.

இன்று அந்நிலங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. மரத்தைக் காக்கும் வழியைக் கண்டவர் ரிட்லி. அதை நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில் கைப்பிசகின்றிச் செய்தவர்கள் நம் தோட்டத் தமிழர்கள். இருவரையும் சேர்த்தே நினைவில் வைப்போம்.