இறந்ததாகச் செய்தி வந்த கோல் கீப்பர்

1936-ம் ஆண்டு ஸ்பெயின் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி. தெருவுக்குத் தெரு துப்பாக்கிச் சத்தம். அந்த அமளியில் ஒரு செய்தி பரவியது. கோல் கீப்பர் சமோராவைக் கொன்றுவிட்டார்கள் என்பதே அந்தச் செய்தி.

நாள்தோறும் பிணங்கள் விழுந்துகொண்டிருந்த நாடு அது. ஆனாலும் ஒரு பந்தாட்டக்காரருக்காக ஜனங்கள் கண்ணீர் விட்டார்கள். மாதா கோவிலில் அவருடைய ஆத்ம சாந்திக்காகப் பூசைகூட நடந்தது.

சமோரா சாகவில்லை. மாட்ரிட் நகரச் சிறையில், அடுத்து யாரைக் கூப்பிடுவார்களோ என்று காத்துக்கொண்டிருந்தார்!

டாக்டர் வீட்டுப் பிள்ளை

ரிக்கார்டோ சமோரா 1901-ம் ஆண்டு ஜனவரி 21-ந்தேதி பார்சிலோனா நகரில் பிறந்தார். தகப்பனார் டாக்டர். பிள்ளையும் டாக்டராக வேண்டும் என்று அவருக்கு ஆசை. பிள்ளை மருத்துவம் படிக்கவும் போனான். மனசு மட்டும் மைதானத்தில் இருந்தது. 15 வயதிலேயே எஸ்பான்யோல் என்ற கிளப்பின் கோல் கீப்பர் ஆகிவிட்டான். அதன்பிறகு மருத்துவப் படிப்பு எங்கே நடக்கும்?

கால்பந்து ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு 11 பேர். பத்துப் பேர் ஓடுவார்கள். ஒருவர் மட்டும் கோல் வாசலில் நிற்பார். அந்த வாசல் 24 அடி அகலம், 8 அடி உயரம். அந்தக் காலத்துப் பந்து தோலால் தைத்தது. மழை பெய்தால் தண்ணீர் குடித்துக் கல்லாகக் கனக்கும். அதை நெஞ்சிலும் கையிலும் தாங்க வேண்டும். பத்துப் பேர் செய்யும் தப்பை மற்றவர்கள் சரிசெய்யலாம். கோல் கீப்பர் தப்பு செய்தால் அது கோல்தான்.

சமோரா நல்ல உயரம். கழுத்தை மூடிய வெள்ளைக் கம்பளிச் சட்டை, தலையில் துணித் தொப்பி. கைக்கு எட்டாத பந்தை முழங்கையால் அடித்து விரட்டுவார். அந்த அடிக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். ரசிகர்கள் அவரைத் தெய்வ அம்சம் உள்ளவர் என்று அழைத்தார்கள். தெய்வ அம்சத்துக்குச் சிகரெட் பழக்கம் அதிகம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெள்ளிப் பதக்கமும் சுருட்டும்

1920-ம் ஆண்டு பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. ஸ்பெயின் முதல்முறையாக வெளிநாட்டு அணியோடு மோதியது அங்கேதான். முதல் ஆட்டத்தில் டென்மார்க்கை 1-0 என்று ஜெயித்தது. வாசலில் நின்றவர் 19 வயது சமோரா.

இத்தாலியுடன் ஆடும்போது எதிரணிக்காரர் ஒருவரைக் குத்திவிட்டார். நடுவர் வெளியே அனுப்பிவிட்டார். கடைசியில் ஸ்பெயினுக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. திரும்பும் வழியில் ஹவானா சுருட்டுகளைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து சுங்க அதிகாரிகளிடம் அகப்பட்டுக்கொண்டார். வாலிப வயது! பதக்கமும் வந்தது, வம்பும் வந்தது.

1929-ம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்து அணி மாட்ரிட்டுக்கு வந்தது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உள்ள எந்த நாட்டிடமும் அதுவரை தோற்காத அணி. ஸ்பெயின் 4-3 என்று ஜெயித்தது. அன்று சமோரா நெஞ்செலும்பு முறிந்த பிறகும் வாசலை விட்டு நகரவில்லை என்று சொல்வார்கள். 1931-ல் லண்டனில் இங்கிலாந்து பழி தீர்த்துக்கொண்டது. 7-1! அந்த ஏழு கோலையும் வாங்கியவரும் இதே சமோராதான்.

இடையில் 1930-ல் மாட்ரிட் கிளப் அவரை விலைக்கு வாங்கியது. விலை 1,50,000 பெசேட்டா. பந்தைப் பிடிப்பவருக்கு இத்தனை பணமா என்று ஊர் வாயைப் பிளந்தது. பணம் வீண் போகவில்லை. 1931-32 லீக் பந்தயத்தில் மாட்ரிட் 18 ஆட்டங்கள் ஆடி ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

அப்போது ஸ்பெயின் குடியரசுத் தலைவர் பெயர் அல்காலா சமோரா. அந்தப் பெயரைக் கேட்ட ரஷியாவின் ஸ்டாலின், கோல் கீப்பர்தானே என்று கேட்டாராம். இது வேடிக்கைக் கதையாகவே இருக்கட்டும். இப்படி ஒரு கதை கட்டும் அளவுக்கு அவர் பெயர் பரவியிருந்தது.

1934 உலகக் கோப்பைப் போட்டியில் பிரேசிலின் வால்டெமார் டி பிரிட்டோ அடித்த பெனால்டி பந்தைத் தடுத்தார். பிற்காலத்தில் சிறுவன் பெலேயைக் கண்டுபிடித்தவர் இந்த பிரிட்டோதான். அடுத்து இத்தாலியுடன் 1-1. அந்த முரட்டு ஆட்டத்தில் சமோராவுக்குக் காயம். மறுநாள் மீண்டும் நடந்த ஆட்டத்தில் அவர் இல்லை. ஸ்பெயின் 0-1 என்று தோற்றது.

புழுதிக்குள் பந்து

1936 ஜூன் 21-ந்தேதி. வலென்சியா நகரில் ஸ்பெயின் கோப்பை இறுதி ஆட்டம். மாட்ரிட்டும் பார்சிலோனாவும் மோதின. மாட்ரிட் 2-1 என்று முன்னால் இருந்தது. ஆட்டம் முடியும் நேரம். பார்சிலோனாவின் எஸ்கோலா மூலையைப் பார்த்து ஓங்கி அடித்தார். சமோரா பாய்ந்தார். புழுதி எழும்பி வாசலையே மறைத்தது. கோல் விழுந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். புழுதி அடங்கியது. கையில் பந்தோடு நின்றார் சமோரா!

நான்கே வாரத்தில் போர் மூண்டது.

சமோரா ஒரு கத்தோலிக்கப் பத்திரிகையில் எழுதி வந்தவர். அதனால் எதிர்க்கட்சிக்காரர் என்று சந்தேகப்பட்டு, குடியரசுப் படையினர் அவரைப் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்பு அவருக்குப் பதக்கம் கொடுத்துக் கௌரவித்ததும் அதே குடியரசுதான். அந்தச் சிறையிலிருந்து வெளியே கூட்டிச்செல்லப்பட்ட பலர் சுடப்பட்டு மாண்டார்கள். பெரிய பெயர் இருந்தால் அங்கே ஒளிந்துகொள்ளவும் முடியாது.

அந்தப் பெயரே அவரைக் காக்கவும் செய்தது. படையினரில் பலர் மைதானத்தில் அவருக்காகக் கத்திக் கைதட்டியவர்கள். கால்வெஸ் என்ற கவிஞர், குடியரசுப் படையைச் சேர்ந்தவர், சமோராமேல் யாரும் கை வைக்கக்கூடாது என்று சிறையிலேயே முழங்கினார். பின்பு அர்ஜென்டினா தூதரகத்தின் முயற்சியால் சமோரா விடுதலையாகி பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே நீஸ் நகரில் பழைய சிநேகிதர் சாமிடியேருடன் சேர்ந்து பந்தாடினார். காப்பாற்றிய கால்வெஸின் கதையோ சோகம். போரில் ஜெயித்த பிராங்கோ அரசு 1940-ல் அவருக்கு மரண தண்டனை கொடுத்துவிட்டது.

பயிற்சியாளர் சமோரா

1939-ல் போர் முடிந்தது. மாட்ரிட்டின் அத்லெடிக் கிளப் போரில் எட்டு ஆட்டக்காரர்களை இழந்திருந்தது. அதை விமானப் படை அணியோடு சேர்த்து ஒரே அணியாக்கினார்கள். அதற்குப் பயிற்சியாளராக வந்தார் சமோரா. ஆம், ஜெயித்த கட்சியின் விமானப் படைதான். சிறையிலிருந்து வந்தவர் அதை மறுக்கும் நிலையில் இருந்தாரா என்பது வேறு கேள்வி.

அந்த அணிக்கு முதல் வகுப்பில் இடமே இல்லை. ஓவியேடோ நகர மைதானம் போரில் பாழாகி, அந்த ஊர் அணி ஒரு வருஷம் ஆடாமல் நின்றது. அதன் இடத்துக்கு ஒசாசுனா அணியுடன் மோதி ஜெயித்து உள்ளே நுழைந்தார்கள். நுழைந்த வருஷமே லீக் பட்டம்! கடைசி நாள்வரை இழுபறி. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். மறு வருஷமும் பட்டம் அவர்களுக்கே. அந்தக் கிளப் அதுவரை லீக் பட்டத்தையே கண்டதில்லை.

பிறகு விகோ நகரின் செல்டா அணியை 1948-ல் கோப்பை இறுதி ஆட்டம்வரை கொண்டுபோனார். செவில்லாவிடம் 1-4 என்று தோல்வி. 1952-ல் கொஞ்ச காலம் ஸ்பெயின் தேசிய அணியையும் கவனித்தார். 1950-களில் பிராங்கோ அரசும் அவருக்கு ஒரு விருது கொடுத்தது. எதிரும் புதிருமான இரண்டு அரசுகளிடமும் கௌரவம் பெற்றவர் ஆகிவிட்டார். அவருடைய மகனும் கோல் கீப்பராக ஆடினார்.

சமோரா 1978 செப்டம்பர் 8-ந்தேதி பார்சிலோனாவில் காலமானார். மார்கா என்ற விளையாட்டுப் பத்திரிகை 1958-லேயே அவர் பெயரில் ஒரு கோப்பையை ஏற்படுத்திவிட்டது. ஸ்பெயின் லீக்கில், ஆடிய ஆட்டங்களோடு ஒப்பிட்டால் யார் மிகக் குறைவாகக் கோல் விட்டாரோ, அந்தக் கோல் கீப்பருக்கு ஆண்டுதோறும் அதைக் கொடுக்கிறார்கள்.