புத்தகம் கட்டிய சிறுவன்

உலகம் போற்றும் விஞ்ஞானிகள் பலரின் வாழ்வைப் படிக்கும்போது, வறுமையே அவர்களுக்கு முதல் ஆசானாக விளங்கியதைக் காண்கிறோம். அத்தகையோருள் ஒருவர் மைக்கேல் பாரடே. வேதியியல் வகுப்பில் நேர்மின்வாய், எதிர்மின்வாய், அயனி என்று நாம் உச்சரிக்கும் போதெல்லாம், அறிந்தோ அறியாமலோ அவரையே நினைவுகூர்கிறோம்.

லண்டன் மாநகரின் தென்புறத்தில், 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் பாரடே பிறந்தார். தந்தை கொல்லர், அடிக்கடி நோயுற்றவர். 1801இல் தானிய விலை ஏறியபோது, சிறுவன் மைக்கேலுக்கு ஒரு வாரத்துக்கு ஒரு ரொட்டியே கிடைத்தது. அவர் பிறந்த அதே 1791இல், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரிகர் என்னும் போதகர், ஓடையில் கிடைத்த கருமணலில் ஒரு புதிய உலோகம் ஒளிந்திருப்பதைக் கண்டார். பின்னாளில் அதற்கு டைட்டானியம் என்று பெயர் சூட்டப்பட்டது. நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணலும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. அந்த உலோகமும் இந்தச் சிறுவனின் பணியும் பிற்காலத்தில் எங்கே சந்தித்தன என்பதைப் பின்னர்க் காண்போம்.

பதினான்காம் வயதில் மைக்கேல், புத்தகம் கட்டும் கடை ஒன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களைக் கட்டியதோடு நில்லாமல் படிக்கவும் செய்தார். அவற்றுள் ஒன்று ஜேன் மார்செட் என்னும் பெண்மணி எளிய உரையாடலாக எழுதிய வேதியியல் நூல். முதற்பதிப்பில் அந்த அம்மையார் தம் பெயரைக்கூட அச்சிடவில்லை. ஆயினும் அந்நூலே ஏழைச் சிறுவனுக்கு வேதியியலின் கதவைத் திறந்தது. தாம் புகழ் பெற்ற பின்பும் பாரடே அந்த நன்றியை மறக்கவில்லை.

1812இல் சர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. கேட்டவற்றை எழுதி, தம் கையாலேயே அழகாகக் கட்டி, டேவிக்கு அனுப்பினார். மறு ஆண்டே ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளரானார். டேவியுடன் ஐரோப்பாவில் பயணம் செய்தபோது டேவியின் மனைவி அவரைப் பணியாளாகவே நடத்தினார். மனம் நொந்து ஊர் திரும்பிவிடலாமா என்றுகூட அவர் எண்ணியதுண்டு. திரும்பியிருந்தால் அவர் வாழ்வு கட்டுக்கடையிலேயே முடிந்திருக்கலாம். கற்கும் ஆவலால் பொறுத்துக்கொண்டார்.

பாரடே உயர் கணிதம் கற்றவர் அல்லர். கணக்கு என்றாலே நடுங்கும் தோழியர் சற்றே தலை நிமிரலாம்! ஆனால் அவருடைய பொறுமையையும் மறந்துவிடக் கூடாது. தம் ஆய்வுக் குறிப்புகளை வரிசை எண் இட்டு 16,000 பத்திகளுக்கும் மேலாக எழுதி வைத்தவர் அவர். 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டார். 1833, 1834ஆம் ஆண்டுகளில் மின்னாற்பகுப்பு விதிகளை வகுத்தார். ஒரு கரைசலில் எவ்வளவு மின்சாரம் செலுத்துகிறோமோ, அந்த அளவுக்கே பொருள் பிரிகிறது. மின்சாரம் இரு மடங்கானால் பொருளும் இரு மடங்காகும். புதிய கருத்துகளுக்குப் புதிய சொற்கள் தேவைப்பட்டன. வில்லியம் ஹியூவெல் என்னும் அறிஞரின் துணையோடு ஆனோடு, கேதோடு, அயான் என்னும் சொற்களைக் கிரேக்க மொழியிலிருந்து ஆக்கி வழங்கினார். அவையே நாம் கூறும் நேர்மின்வாய், எதிர்மின்வாய், அயனி.

இனி அந்தச் சந்திப்பைக் காண்போம். டைட்டானியத் தகட்டை நேர்மின்வாயாகவும், பிளாட்டினத்தை எதிர்மின்வாயாகவும் கொண்டு, புளோரைடு கலந்த திரவத்தில் மின்சாரம் செலுத்துகிறார்கள். தகட்டின்மேல் டைட்டானியம் டை ஆக்சைடு மெல்லிய ஏடாகப் படர்கிறது. புளோரைடு அயனிகளோ அந்த ஏட்டைக் கரைக்கின்றன. படர்தலும் கரைதலும் ஒன்றுக்கொன்று ஈடாக நடக்கும்போது நுண்ணிய குழிகள் தோன்றி, ஆழமாகி, தேனடை அறைகளைப் போல நெருங்கி நிற்கும் குழாய்கள் ஆகின்றன. இவ்வாறு குழாய்கள் வளர்வதை 1999இல் விஞ்ஞானிகள் அறிவித்தனர். பாரடே மறைந்து அப்போது 132 ஆண்டுகள் ஆகியிருந்தன. நூறு நானோமீட்டர் அகலமுள்ள குழாய்களை வரிசையாக நிறுத்தினால், ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் பல நூறு குழாய்கள் அடங்கும்! சூரிய ஒளியால் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் பெறவும், எலும்பில் பொருத்தும் டைட்டானியத் துண்டுகளை உடல் நன்கு ஏற்கச் செய்யவும் இவற்றைக் கொண்டு ஆராய்ந்து வருகின்றனர். செலவான மின்சாரத்துக்கு எவ்வளவு உலோகம் ஆக்சைடாக மாறியிருக்கும் என்று கணக்கிட, இன்றும் பாரடேயின் விதியே துணை.

புகழ் பெருகியும் அவர் எளிமையைக் கைவிடவில்லை. ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவி தேடி வந்தபோது மறுத்தார். ஆனால் கிறிஸ்துமஸ் காலத்தில் சிறுவர் சிறுமியருக்கு அறிவியல் விளக்கம் தர மட்டும் தயங்கவில்லை. 19 ஆண்டுகளில் அத்தொடரை அவரே நடத்தினார். முதுமையில் நினைவாற்றல் குன்றியது. 1867 ஆகஸ்டு 25ஆம் நாள் அமைதியாக உயிர் நீத்தார். அவர் விரும்பியபடியே, ஆடம்பரமின்றி ஹைகேட் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

டைட்டானியக் குழாய்களைப் பாரடே கண்டதில்லை. கனவிலும் எண்ணியிருக்க மாட்டார். தம் முன் இருந்த வேலையை உண்மையோடு செய்தார். அதன் பயன் நூற்றாண்டு கடந்து பிறருக்குக் கிட்டியது. பெயர் போடாமல் நூல் எழுதிய அந்த அம்மையாரும் அப்படித்தான். இன்று நாம் ஆய்வகக் குறிப்பேட்டில் கருத்தோடு எழுதும் ஒரு வரி நாளை யாருக்கு உதவும் என்று யார் அறிவார்? ஆகவே தோழியரே, அதைத் திருத்தமாகவே எழுதுவோம்!