தாசியோ நுவோலாரி

பழைய மோட்டார்ப் பந்தயப் படங்களைக் காணுந்தோறும் எம் உள்ளத்தை ஈர்ப்பது வண்டிகளினும் அவற்றைச் செலுத்தினாரது கோலமேயாம். இக்காலத்துப் பந்தய வீரர் கவசத்துள் மறைந்திருத்தலின், வண்டியின் நிறங்கொண்டே அவரை இன்னாரென அறிகின்றோம். முற்காலத்திலோ, தோல்தொப்பியும் கண்ணாடியும் அணிந்து, இடுப்புக்கு மேல் எல்லாம் வெளித் தோன்ற அவர் அமர்ந்திருந்தனர். அவர் சுக்கான் சக்கரத்தைத் திருப்புவதையும், பல்லைக் கடிப்பதையும் சாலையோரத்து நின்ற குடியானவனும் கண்டான். ஆதலின் ஒவ்வொரு வீரருக்கும் கையெழுத்தைப் போன்று தனி நடை ஒன்று இருந்தது. அந்நடையழகில் தலைநின்றவர் இத்தாலி தேசத்துத் தாசியோ நுவோலாரி என்பது எம் துணிபு. அவர்தம் சரிதத்தைச் சுருங்கக் கூறுதும்.

இவர் மாந்துவா நகருக்கு அணித்தாகிய காஸ்தெல் தாரியோ என்னும் ஊரில் 1892-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் அர்துரோ நிலமுடைய குடியானவர். சைக்கிள் ஓட்டுதலில் வல்லவர். சிறிய தந்தையார் ஜுசெப்பேயோ அக்கலையில் பெயர்பெற்ற பந்தய வீரர். முதல் உலகப் போரில் நம் சரிதத் தலைவர் இராணுவ வண்டிகளை ஓட்டினார். அக்காலத்து அதிகாரி ஒருவர், வண்டியோட்டும் தொழில் இவருக்கு ஏலாது, வேறு தொழில் தேடுக எனப் புத்தி கூறினாரென்று ஒரு கதை வழங்குகின்றது. மெய்யோ பொய்யோ, சுவையுடைய கதைதான். 1917-இல் கரோலினா என்னும் மங்கையை மணந்தார். போர் முடிந்த பின், 1920-இல், மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் முதன்முதல் இறங்கினார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தேழு. ஏனையோர் தொடங்குவதினும் காலந்தாழ்த்தே தொடங்கினார் எனலாம்.

உருவத்திற் சிறியவர், உயரம் ஐந்தேகால் அடிக்குச் சற்றே மிகும். மெலிந்த தேகம், நீண்ட மோவாய். அவ்வுடலில் உறைந்த மனவுறுதியோ அளவிடற்கரியது. 1925-ஆம் ஆண்டு மோன்ஸா என்னுமிடத்தில் ஆல்பா ரோமியோ வண்டியொன்றைச் சோதித்து ஓட்டுகையில் அது புரண்டு இவர் பலத்த காயமுற்றார். வைத்தியர் பல நாள் படுக்கையில் இருக்கப் பணித்தனர். சில நாளே கழித்து அவ்விடத்திலேயே மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது. இவர் தம் உடலைச் சைக்கிள் மேல் குனிந்திருக்கும் நிலையிலேயே துணியால் இறுகக் கட்டச் செய்து, பிறர் தூக்கி ஏற்ற ஏறி, வெற்றியும் பெற்றார். இதனைப் படிக்கும் மாணவர் எவரும் தம் சைக்கிளில் இதனைப் பரீட்சித்தல் வேண்டா.

நிற்க. இவர்தம் ஓட்டும் முறையைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். வளைவு வருமிடத்து முன்னரே பிரேக்கை அழுத்தி வேகங் குறைத்து, சக்கரத்தைத் திருப்பி, வளைவு நீங்கிய பின் மீண்டும் விரைதல் பலரது வழக்கம். நுவோலாரியோ வளைவு தொடங்குமுன்னரே வண்டியின் மூக்கை உட்கரை நோக்கித் திருப்பிவிடுவார். நான்கு சக்கரங்களும் ஒருங்கே வழுக்க, வண்டி பக்கவாட்டிற் செல்லும். காலோ விசைமிதியை விட்டு எழுவதில்லை. வளைவு முடியுமிடத்தில் வண்டி நேர்சாலையை நோக்கியே நிற்கும். இழந்த வேகம் ஒன்றுமிராது. பிற்காலத்தில் வண்டித் தொழிலில் பெரும்புகழ் எய்திய என்ஸோ பெராரி 1931-இல் ஒரு பந்தயத்துக்கு முந்திய பயிற்சியில் இவர் பக்கத்தில் அமர்ந்து சென்றார். முதல் வளைவிலேயே பள்ளத்தில் வீழ்ந்தோம் என எண்ணி உடலை இறுக்கிக்கொண்டாராம். வீழவில்லை. நுவோலாரியின் முகத்தை நோக்கினார்; தப்பிப் பிழைத்த குறி ஒன்றும் அதில் இல்லை. சில வளைவுகள் கடந்த பின்னரே அதன் நுட்பம் அவருக்கு விளங்கிற்று. அப்பந்தயத்தில் பெராரி இரண்டாமவர். முதல்வர் யாரென்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பிரேஷியாவிலிருந்து ரோமாபுரி வரை சென்று மீளும், ஆயிரம் மைல் கொண்ட மில்லே மிலியா பந்தயத்தில் 1930-இல் இவர் தம் எதிரியாகிய வார்ட்ஸியை வென்றார். இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு இருளில் பின்தொடர்ந்து, முடிவிடத்துக்கு அருகில் திடீரென விளக்கேற்றி முந்தினார் என்பது உலகறிந்த கதை. வீரர்கள் ஒருவர் பின் ஒருவராய்க் கால இடைவெளி விட்டுப் புறப்படும் பந்தயம் அது. இவர் வார்ட்ஸிக்குப் பின் புறப்பட்டவர். ஆகவே சாலையில் அவரை எட்டிப் பிடிக்குமுன்னரே கணக்கில் வென்றுவிட்டார். முந்துதல் வேண்டாதிருந்தும் முந்தினார் என்பதிலேயே அவர் இயல்பு விளங்குகின்றது. 1932-இல் கவிஞர் தானுன்சியோ பொன்னாற் செய்த சிறு ஆமை ஒன்றை இவருக்கு ஈந்தார். யாவரினும் விரைபவருக்கு யாவற்றினும் மெதுவாய் ஊர்வது பரிசாயிற்று. அன்று முதல் அவ்வாமை இவர்தம் அடையாளமாயிற்று. மஞ்சள் சட்டையும் நீல நிறக் காற்சட்டையும் இவர்தம் பந்தய உடை.

1934-இல் கால் முறிந்து மாக்கட்டிடப்பட்டிருந்தபோதே, மிதிகளை யெல்லாம் ஒற்றைக் காலால் இயக்குமாறு மாற்றச் செய்து பெர்லினில் ஓட்டி ஐந்தாமவராய் வந்தார். இதனைத் துணிவென்பதா, பிடிவாதமென்பதா? யாம் அறியோம்.

இவர்தம் வெற்றிகளுள் தலையாயது 1935-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் நாள் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் களத்தில் பெற்றதேயாம். மலைகளினூடே ஒரு சுற்று 22.8 கிலோமீட்டர், வளைவுகளோ நூற்றெழுபதுக்கும் மேல், இருபத்திரண்டு சுற்றுகள். ஹிட்லர் ஆட்சியின் பொருளுதவி பெற்ற மெர்ஸிடிஸ், ஆட்டோ யூனியன் என்னும் இரு நிறுவனங்களின் ஒன்பது வண்டிகள் எதிரே நின்றன. நுவோலாரியின் ஆல்பா ரோமியோவோ பழைய அமைப்பினது; குதிரைசக்தியிலும் மிகக் குறைந்தது. மழையால் சாலை ஈரம். பாதிப் பந்தயத்தில் இவர் முதலிடம் எய்தினார். அப்பொழுது பெட்ரோல் நிரப்ப நின்றவிடத்துப் பம்பு பழுதாயிற்று. தகரங்களாற் கொண்டு ஊற்றினர். பிறர் ஒரு நிமிஷ அளவில் முடித்த வேலைக்கு இவருக்கு இரண்டு நிமிஷத்துக்கு மேலாயிற்று. ஆறாமிடத்துக்குத் தள்ளப்பட்டவர், ஒருவர்பின் ஒருவராய்க் கடந்து இரண்டாமிடம் சேர்ந்தார். இறுதிச் சுற்றுத் தொடங்கும்போது முன்சென்ற பிரௌகிட்ஷ் முப்பது விநாடிக்கு மேல் முந்தியிருந்தார். ஆயினும் நுவோலாரி துரத்திய துரத்தலால் அவர் தம் டயர்களைத் தேய்த்துவிட்டார். பாதிச் சுற்றில் பின்டயர் வெடித்தது. மஞ்சள் சட்டைக்காரர் தனியே வந்து சேர்ந்தார். நாற்பத்திரண்டு வயதினர், கூடியிருந்த ஜனங்கள் மூன்று லட்சமென்பர். வெற்றி ஜெர்மனிக்கே என நம்பிய அதிகாரிகள் இத்தாலிய தேசிய கீதத்தின் இசைத்தட்டை ஆயத்தஞ் செய்திலர் என்றும், நுவோலாரியே ஒன்றைக் கொணர்ந்திருந்தார் என்றும் கூறுவர்.

அந்நுவோலாரியே 1938-இல் ஜெர்மானியரின் ஆட்டோ யூனியனில் சேர்ந்தார் என்பதையும் மறைக்காது கூறல் வேண்டும். அவ்வாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸின் போ நகரில் ஆல்பா ரோமியோ தீப்பற்றி இவர் காலைச் சுட்டது; அதனால் வெறுப்புற்றார். நல்ல வண்டியொன்று வேண்டுமென்பதே இவர் நோக்கம். அதனைத் தந்தவர் எத்தகைய ஆட்சியினர் என்று இவர் ஆராய்ந்ததாகத் தோன்றவில்லை. எமக்கு இஃது உவப்பன்று. மோன்ஸாவிலும் இங்கிலாந்தின் டானிங்டனிலும் அவ்வாண்டே வென்றார். 1939 செப்டம்பர் 3-ஆம் நாள், பிரிட்டன் ஜெர்மனிமீது போர் தொடுப்பதாய் அறிவித்த அன்றே, பெல்கிரேடு நகரில் ஓட்டி வென்றார். அதன்பின் எஞ்சின்கள் ஓய்ந்தன.

இனிக் கூறுவது துயரம். இவருக்கு ஆண்மக்கள் இருவர். மூத்தவர் ஜியார்ஜியோ பத்தொன்பது வயது நிரம்புமுன் 1937-இல் இருதய நோயால் இறந்தார். அப்பொழுது தந்தையார் அமெரிக்கப் பந்தயத்துக்காகக் கடல்மீது கப்பலிற் சென்றுகொண்டிருந்தார், நடுக்கடலில் செய்தி எட்டிற்று, திரும்புதற்கு வழியில்லை. இளையவர் அல்பெர்தோ 1946-இல், பதினெட்டாம் வயதில், சிறுநீரக நோயால் மறைந்தார். தாம் எத்தனையோ முறை சாவின் வாயிலிற் சென்று மீண்டிருக்க, வீட்டிலிருந்த பிள்ளைகள் போயினர். பல்லாண்டு சுவாசித்த புகையால் நுரையீரல் கெட்டு இவர் இரத்தம் உமிழலானார். ஆயினும் ஓட்டுதலை விட்டாரல்லர். வீட்டின் வெறுமையினும் சாலையே அவருக்கு ஆறுதலாயிருந்ததோ என எண்ணுகின்றோம்.

1946-இல் தூரின் நகரில் ஓடும்போதே சுக்கான் சக்கரம் கழன்று கையோடு வந்துவிட்டது. அதனை ஒரு கையால் உயர்த்திக் காட்டிக்கொண்டே வந்தார். 1947-இல், ஐம்பத்து நான்கு வயதில், மேல்மூடியற்ற சிறிய சிசிதாலியா வண்டியில் கொட்டும் மழையில் மில்லே மிலியாவை ஓட்டி இரண்டாமவரானார். மறு ஆண்டு பெராரி வண்டியொன்றில் யாவரையும் முந்திச் சென்றார். மட்கார்டு போயிற்று, எஞ்சினின் மூடி பறந்தது, இருக்கையும் உடைந்தது, வில்லும் முறியவே ரெஜ்ஜோ எமிலியாவுக்கு அருகில் நின்றுபோனார். சோர்ந்த அவரைக் குருவானவர் ஒருவர் தம் வீட்டிற் படுக்கச் செய்தார் என்பர்.

1950-இல் சிசிலித் தீவில் மலையேற்றப் பந்தயமொன்றில் தம் பிரிவில் வென்றதே இறுதி ஓட்டம். 1953-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் மாந்துவாவில் தம் இல்லத்துப் படுக்கையில் உயிர் நீத்தார். பல்லாயிரவர் திரண்டனர். மோட்டார் வண்டிச் சட்டம் ஒன்றின்மேல் பேழையை ஏற்றி, அஸ்காரி, வில்லோரேசி, பான்ஜியோ என்னும் பந்தய வீரர் மூவர் அதனைத் தள்ளிச் சென்றனர். மஞ்சள் சட்டையும் நீலக் காற்சட்டையும் தோல்தொப்பியும் அணிந்தபடியே அவரை அடக்கஞ் செய்தனர்.