யார் இந்த ஹார்டி கிராஸ்? ஊர் குழாய்க் கணக்கை ஒரு அட்டவணையில் அடக்கிய பேராசிரியர்!

ஒரே பைப்லைன்தான். ஆனா தெரு முனையில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், கடைசி வீட்டில் சொட்டுச் சொட்டாக வரும். எந்தக் குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்பதை முன்கூட்டியே கணக்கிட முடியுமா? முடியும் என்று வழிகாட்டியவர் ஹார்டி கிராஸ்.

யார் இவர்?

1885 பிப்ரவரி 10-ல் அமெரிக்காவின் விர்ஜீனியாவில் பிறந்தவர். 1908-ல் எம்.ஐ.டி-யில் சிவில் இன்ஜினீயரிங் முடித்து, ரயில்வே பாலப் பிரிவில் வேலை பார்த்தார். பிறகு ஹார்வர்டில் மேல்படிப்பு. 1921-ல் இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். 1930-ல் கட்டடச் சட்டகங்களைக் கணக்கிட எளிய முறையை வெளியிட்டுப் புகழ்பெற்றார். 1936-ல் அதே பாணியில் குழாய்களுக்கும் ஒரு வழி சொன்னார்.

என்ன சிக்கல்?

ஊர் குழாய்கள் வலை மாதிரி பின்னியிருக்கும். ஒரு இடத்துக்குத் தண்ணீர் பல பாதைகளில் வரும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், அத்தனை சமன்பாடுகளையும் சேர்த்துத் தீர்ப்பது பெரும்பாடு.

கிராஸ் என்ன செய்தார்?

முதலில் குத்துமதிப்பாக ஒரு விடை, பிறகு திருத்தம். அவ்வளவுதான்!

உதாரணமாக, நொடிக்கு 100 லிட்டர் தண்ணீர் இரண்டு குழாய்களாகப் பிரிந்து மறுபடியும் சேர்கிறது. ஒன்றில் 60, இன்னொன்றில் 40 என்று வைத்துக்கொள்வோம். உராய்வால் முதல் குழாயில் 12 மீட்டர் அழுத்தம் குறைகிறது, அடுத்ததில் 4 மீட்டர்தான். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். அப்படியானால் ஊகம் தப்பு. கிராஸின் சூத்திரப்படி திருத்தினால் 46.7, 53.3 என மாறும். இப்போது இழப்பு 7.3, 7.1 மீட்டர். ஒரே திருத்தத்தில் விடை நெருங்கிவிட்டது! இன்னொரு முறை திருத்தினால் போதும்.

இன்றும் ஏன் இந்தப் பாடம்?

1993-ல் வந்த இபாநெட் போன்ற இலவச மென்பொருள்கள் நொடியில் விடை தரும். ஆனால் தப்பான குழாய் அளவைக் கொடுத்தாலும் ஒரு விடை வந்துவிடும். அது சரியா என்று யார் பார்ப்பது? அதனால்தான் இந்த முறையை எக்செல் ஷீட்டில் மாணவர்களையே போட வைக்கிறார்கள். குழாய்க்கு ஒரு வரி, கடைசியில் திருத்தம். பிழை குறைவதும், குறையாமல் அடம்பிடிப்பதும் கண்ணெதிரே தெரியும்.

1937-ல் யேல் பல்கலைக்கழகம் சென்ற கிராஸ், 1959 பிப்ரவரி 11-ல் காலமானார். 74-வது பிறந்தநாளுக்கு மறுநாள். அவர் பேப்பரில் போட்ட அட்டவணை, இன்று மாணவர்களின் லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது.