மூன்று கைகள் கொண்ட டிராக்டர்



புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் எங்கள் காரைக்கால் பக்கம் வந்து பாருங்கள். திருநள்ளாறு, நெடுங்காடு, நிரவி என்று எந்தச் சாலையில் போனாலும் வயலில் டிராக்டர் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். காவிரித் தண்ணீர் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுக் கடைசியாக வந்து சேரும் கடைமடைப் பகுதி எங்களுடையது. தண்ணீர் வந்த கையோடு சேறடித்து, சம்பா நாற்றை நட்டுவிட வேண்டும். அதனால் அந்த நாட்களில் டிராக்டருக்கும் ஓய்வில்லை, ஓட்டுநருக்கும் ஓய்வில்லை.

வரப்பில் நின்று டிராக்டர் உழுவதைக் கவனித்திருக்கிறீர்களா? வயலின் ஓரம் வந்ததும் ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும் சின்ன லீவரைத் தொடுவார். மண்ணுக்குள் புதைந்திருந்த கலப்பை சட்டென்று மேலே எழும்பும். வண்டி திரும்பும். மறுபடியும் லீவரைத் தொடுவார், கலப்பை இறங்கும். வண்டியை விட்டு அவர் இறங்குவதே இல்லை. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊருக்கு டிராக்டர் வந்தால் பள்ளிக்கூடப் பையை வரப்பில் போட்டுவிட்டு இந்த வித்தையைத்தான் வேடிக்கை பார்ப்போம். அது யாருடைய மூளையில் பிறந்தது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. சொல்லித் தருவாரும் இல்லை. நான் உங்களுக்குச் சொல்கிறேன்.

அவர் பெயர் ஹாரி பெர்குசன். அயர்லாந்தில் டிராமோர் என்ற ஊருக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1884-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி பிறந்தார். அது இப்போது வட அயர்லாந்தில் இருக்கிறது. ஹாரிக்கு ஒல்லியான உடம்பு. 14 வயதில் பள்ளியை விட்டு அப்பாவின் பண்ணையில் வேலைக்கு இறங்கினார். குதிரைகளுக்குப் பின்னால் கலப்பையைப் பிடித்துக்கொண்டு நடப்பது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பிற்காலத்தில் உழவையே மாற்றப் போகிறவர், சிறுவயதில் உழவு வேலையிலிருந்து தப்பித்தால் போதும் என்று இருந்தார்!

1902-ஆம் ஆண்டில் அண்ணன் ஜோ, பெல்பாஸ்ட் நகரில் நடத்தி வந்த சைக்கிள், கார் பழுது பார்க்கும் பட்டறையில் சேர்ந்துகொண்டார். அங்கே அவர் கைக்கு வேலை கிடைத்தது. எந்த எஞ்சின் முரண்டு பிடித்தாலும் ஹாரியைக் கூப்பிடுவார்கள். மோட்டார் சைக்கிள் பந்தயங்களிலும் கலந்துகொண்டார். பிறகு ஆகாய விமானத்தின் மேல் ஆசை வந்தது. ரைட் சகோதரர்கள் பறந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. ஹாரி தாமே ஒரு விமானத்தை வடிவமைத்துக் கட்டினார். 1909-ஆம் ஆண்டின் கடைசி நாளான டிசம்பர் 31 அன்று, பலத்த காற்றில், ஏறக்குறைய 120 மீட்டர் தூரம் பறந்தார். அயர்லாந்து மண்ணிலிருந்து முதன்முதலில் விமானத்தில் பறந்தவர் அவர்தான். 120 மீட்டர்தானா என்று கேட்காதீர்கள். அன்றைக்கு அது ஊரே கூடிப் பேசிய சாதனை.

சரி, டிராக்டருக்கு வருவோம்.

முதல் உலகப் போர் நடந்தபோது, கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டதால் பிரிட்டனில் உணவுத் தட்டுப்பாடு வந்தது. தரிசு நிலத்தையெல்லாம் உழுதாக வேண்டும். குதிரைகளில் பல போர்முனைக்குப் போய்விட்டன. 1917-ஆம் ஆண்டில் அயர்லாந்தில் இருந்த அரசாங்க டிராக்டர்களைக் கண்காணிக்கும் பொறுப்பு பெர்குசனிடம் வந்தது. வில்லி சாண்ட்ஸ் என்ற தொழில் தெரிந்த நண்பரை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, டிராக்டர்கள் வேலை செய்வதைப் பார்த்தார். பார்த்ததெல்லாம் அவருக்கு எரிச்சலைத் தந்தது.

அன்றைய டிராக்டர்கள் இரும்பு மலைகள். சில, இரண்டு டன்னுக்கும் மேல் எடை. கலப்பை தனி வண்டி போலத் தனக்கென்று சக்கரங்களோடு பின்னால் இழுபட்டு வரும். திரும்புவதற்குப் பெரிய மைதானம் போல இடம் வேண்டும். எங்கள் காரைக்கால் வயல்களில் அப்படி ஒன்றை இறக்கியிருந்தால், உழுத இடத்தைவிட மிதித்த இடமே அதிகமாக இருந்திருக்கும்.

இவற்றையெல்லாம்விட மோசமான ஒன்று இருந்தது. மண்ணுக்குள் இருக்கும் பாறையிலோ வேரிலோ கலப்பை மாட்டிக்கொண்டால் அது நகராது. எஞ்சினோ நிற்காமல் சுழற்றும். பின் சக்கரம் சுழல வழி இல்லாதபோது வண்டியின் முன்பக்கம் குதிரை முன்னங்கால்களைத் தூக்குவது போலத் தூக்கிக்கொள்ளும். கண்மூடித் திறப்பதற்குள் டிராக்டர் பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டியவர் மேல் விழும். இப்படி உயிரை இழந்த விவசாயிகள் ஏராளம்.

கவிழாமல் இருக்க வண்டியை இன்னும் கனமாகச் செய்யலாம் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். பெர்குசன் அதற்கு நேர்மாறாக யோசித்தார். குழப்பம் டிராக்டரிலும் இல்லை, கலப்பையிலும் இல்லை. இரண்டையும் சேர்க்கும் இடத்தில்தான் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது.

உங்கள் வீட்டில் அடம்பிடிக்கும் தம்பியோ தங்கையோ இருந்தால் இது எளிதாகப் புரியும். கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போனால் உங்களையும் சேர்த்துக் கீழே தள்ளிவிடும். அதே குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டால்? அதன் பாரம் உங்கள் கால்களில் இறங்கிவிடும். நீங்கள் நினைத்த பக்கம் திரும்பலாம். கலப்பையை இழுத்துப் போகாமல் இடுப்பில் வைத்துக்கொள்ளும் டிராக்டரைச் செய்வதுதான் பெர்குசனின் எண்ணம்.

அதற்காக அவர் டிராக்டரின் பின்புறம் மூன்று இரும்புக் கைகளை வைத்தார். கீழே இரண்டு, மேலே ஒன்று. இதை மும்முனை இணைப்பு என்பார்கள். மண் கலப்பையைப் பிடித்து இழுக்கும்போது கலப்பையின் மேற்புறம் முன்னோக்கிச் சாயப் பார்க்கும். அப்போது மேலே உள்ள கை டிராக்டரை முன்பக்கமாகத் தள்ளும். அந்தத் தள்ளல்தான் முன் சக்கரங்களைத் தூக்கவிடாமல் அழுத்திப் பிடிக்கிறது. முன்பு ஆளைக் கொன்ற அதே விசை இப்போது ஆளைக் காப்பாற்றுகிறது! கலப்பையின் பாரமும் மண்ணின் பாரமும் பின் சக்கரங்களின் மேல் இறங்குவதால் அவை நிலத்தை நன்றாகப் பற்றிக்கொள்கின்றன. எனவே வண்டியில் வீண் இரும்பு வேண்டாம்; சின்ன டிராக்டரே போதும்.

இத்துடன் எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் அமைப்பையும் சேர்த்தார். மண் இறுகலாக இருந்தால் மேல் கைக்கு அது உடனே தெரியும். கலப்பையைத் தானாகவே கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். மண் இளகியதும் இறக்கிவிடும். நீங்கள் பார்க்கும் அந்தச் சின்ன லீவர் இந்த அமைப்பைச் சேர்ந்ததுதான்.

சொல்வதற்கு ஐந்து நிமிடம். செய்து முடிக்க ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. ஒவ்வொரு மாதிரியாகச் செய்வதும், வயலில் போட்டுப் பார்ப்பதும், உடைத்து மறுபடி செய்வதுமாகக் காலம் போயிற்று. வில்லி சாண்ட்ஸ், ஆர்ச்சி கிரீர் என்ற இருவரின் உழைப்பு இதில் நிறைய உண்டு. டிராக்டரின் மேல் ஒருவர் பெயர்தான் எழுதப்பட்டது. அதற்காக மற்ற இருவரை நாம் மறந்துவிட வேண்டியதில்லை. 1933-ஆம் ஆண்டில் முழு டிராக்டர் ஒன்றைச் செய்து கறுப்பு வண்ணம் அடித்தார்கள். அது இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது.

1936-ஆம் ஆண்டில் டேவிட் பிரவுன் என்ற தொழிலதிபருடன் சேர்ந்து விற்பனையைத் தொடங்கினார். விற்பனை மந்தம்தான். டிராக்டரை வாங்கினால் அதற்கேற்ற புதுக் கலப்பையையும் வாங்க வேண்டும், விவசாயிகள் தயங்கினார்கள். வண்டியை மாற்றலாம் என்றார் பிரவுன். ஒரு ஆணியைக்கூட மாற்ற விடமாட்டேன் என்று நின்றார் பெர்குசன். அவர் எளிதில் பழகக்கூடிய மனிதர் இல்லை, குழந்தைகளே. தாம் நினைத்ததே சரி என்பார். மேஜையில் பென்சில் கோணலாக இருந்தால்கூடப் பொறுக்கமாட்டார். ஆனால் அந்தக் கண்டிப்பிலிருந்து நல்லதும் பிறந்தது. அவருடைய டிராக்டருக்கும் கருவிகளுக்கும் பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்பேனர் போதும். அந்த ஸ்பேனரிலேயே அங்குலக் கோடுகள் போட்டிருப்பார்கள். உழவின் ஆழத்தை அளக்கவும் அதுவே உதவும்!

1938-ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் ஒரு டிராக்டரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு அமெரிக்கா போனார். உலகப் புகழ்பெற்ற கார் தயாரிப்பாளர் ஹென்றி போர்டின் தோட்டத்தில் அதை ஓட்டிக் காட்டினார். 75 வயதான போர்டு அசந்துபோனார். வயலிலேயே ஒரு மேஜையைப் போட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். சாவி கொடுத்தால் ஓடும் ஒரு பொம்மை டிராக்டரை மேஜையில் வைத்து பெர்குசன் தம் தத்துவத்தை விளக்கினார். பேச்சு முடிந்தது. இருவரும் எழுந்து கைகுலுக்கினார்கள். போர்டு டிராக்டரைத் தயாரிப்பார், பெர்குசன் விற்பார். கையெழுத்து இல்லை, பத்திரம் இல்லை, சாட்சிக்கு வக்கீலும் இல்லை.

1939 ஜூன் மாதத்தில் புது டிராக்டர் வெளிவந்தது. எவ்வளவு எளிதாக ஓட்டலாம் என்று காட்ட, 8 வயதுச் சிறுவன் ஒருவனை உட்காரவைத்து உழச் செய்தார்கள். அவன் நேராக உழுது காட்டினான். (இதைப் படித்துவிட்டு யாரும் டிராக்டரில் ஏறிவிடாதீர்கள். மட்கார்டில் உட்கார்ந்து போவதும் கூடாது. கீழே விழுந்தால் பெரிய சக்கரம் பக்கத்திலேயே இருக்கிறது.) எட்டு ஆண்டுகளில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட டிராக்டர்கள் தயாராயின.

1947-ஆம் ஆண்டு ஹென்றி போர்டு காலமானார். அதற்கு முன்பே நிர்வாகம் அவருடைய பேரன் கைக்குப் போயிருந்தது. இந்த ஏற்பாட்டில் நிறுவனத்துக்கு நஷ்டம் என்று கருதிய பேரன், அதை முடித்துக்கொண்டார். பிறகு பெர்குசன் கண்டுபிடித்த அதே அமைப்போடு தங்கள் சொந்த டிராக்டரை விற்கத் தொடங்கினார்கள். தாத்தா கைகுலுக்கியதற்குக் காகிதத்தில் ஆதாரம் எங்கே இருக்கிறது?

பெர்குசன் 1948-ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தார். கேட்ட இழப்பீடு 25 கோடி டாலருக்கும் மேல். எதிரில் இருந்தது உலகின் மிகப் பெரிய நிறுவனங்களுள் ஒன்று. நான்கு ஆண்டுகள் வழக்கு இழுத்தது. கடைசியில் 1952-ஆம் ஆண்டு 92.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று. கேட்டதில் அது மிகச் சிறு பங்குதான். ஆனாலும் அமைப்பு அவருடையது என்பதற்காகக் கொடுத்த பணம் என்பதால் அவர் அதை வெற்றியாகவே எடுத்துக்கொண்டார். எனக்கு என்னவோ, முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் இரண்டு பேருக்குமே நல்லதாக இருந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

வழக்கு ஒருபுறம் நடக்க, அவர் சும்மா இருக்கவில்லை. 1946-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் தம் சொந்தப் பெயரில் டிராக்டர் தயாரிக்க ஏற்பாடு செய்துவிட்டார். சாம்பல் நிறம், ஒரு டன்னுக்குச் சற்றே கூடுதலான எடை, அடக்கமான உருவம். மக்கள் செல்லமாகக் குட்டிச் சாம்பல் பெர்கி என்று அழைத்தார்கள். பத்து ஆண்டுகளில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. சின்ன நிலம் வைத்திருப்பவரும் ஒன்று வாங்கி, உழவு, விதைப்பு, புல் வெட்டு, மூட்டை ஏற்றுவது என்று எல்லா வேலைக்கும் பயன்படுத்தலாம். குதிரையைப் போல விளைச்சலில் பங்கு கேட்காது. லண்டனில் உள்ள ஒரு பெரிய ஹோட்டலுக்குள்ளேயே பெர்குசன் அதை ஓட்டி, வாசல் படிகளில் இறக்கிக் காட்டியிருக்கிறார்!

எவரெஸ்ட் சிகரத்தில் டென்சிங்குடன் ஏறிய எட்மண்ட் ஹில்லாரியை உங்களுக்குத் தெரியும். அவர் தென் துருவத்துக்குப் போனது இந்த டிராக்டரில்தான். சக்கரங்களின் மேல் இரும்புப் பட்டை மாட்டிய மூன்று பெர்குசன் டிராக்டர்களோடு, அண்டார்டிக்கா பனியில் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் கடந்து, 1958 ஜனவரி 4 அன்று துருவத்தை அடைந்தார். மோட்டார் வாகனத்தில் தரை வழியாகத் தென் துருவத்தை அடைந்த முதல் குழு அதுதான்.

1953-ஆம் ஆண்டில் பெர்குசன் தம் நிறுவனத்தைக் கனடாவின் மாஸி ஹாரிஸ் நிறுவனத்துடன் இணைத்தார். பின்னர் அது மாஸி பெர்குசன் ஆயிற்று. 1960 அக்டோபர் 25 அன்று அவர் காலமானார்.

அதே 1960-ஆம் ஆண்டில்தான் சென்னையில் மாஸி பெர்குசனின் கூட்டுறவோடு டாபே நிறுவனம் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் தொழிலதிபர் எஸ். அனந்தராமகிருஷ்ணன். செம்பியம் தொழிற்சாலையிலிருந்து புறப்பட்ட சிவப்பு டிராக்டர்கள் தஞ்சாவூர், நாகப்பட்டினம், காரைக்கால் என்று டெல்டா முழுவதும் வந்து இறங்கின. அப்போதெல்லாம் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் டிராக்டர் வந்ததா என்று கேட்பதற்குப் பதில், மாஸி வந்ததா என்றுகூடக் கேட்பார்கள்.

இன்று வயல்களில் எத்தனையோ நிறுவனங்களின் டிராக்டர்கள் ஓடுகின்றன. சேற்றில் புதையாமல் இருக்க இரும்புக் கேஜ் வீல் மாட்டியிருப்பார்கள். தென்னை வரிசைகளுக்கு நடுவே புகுந்து வர மினி டிராக்டர்கள் வந்துவிட்டன. எல்லோரும் சொந்தமாக வாங்குவதில்லை. மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு ஓட்டிக்கொள்வதே எங்கள் ஊரில் அதிகம். ஐந்து கலப்பை, ஒன்பது கலப்பை, சட்டிக் கலப்பை, ரோட்டவேட்டர் என்று எதை மாட்டுவதாக இருந்தாலும் மாட்டும் இடம் ஒன்றேதான்.

நாளைக்கு உங்கள் ஊரில் ஒரு டிராக்டர் நின்றுகொண்டிருந்தால், எஞ்சின் அணைந்திருக்கிறதா என்று பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு, பின்பக்கம் போய்ப் பாருங்கள். கீழே இரண்டு கைகள், மேலே ஒன்று இருக்கும்.