செப்டம்பர் 15: உத்திரமேரூர் குடத்தில் இடம் கிடைக்காத பெயர்!

செப்டம்பர் 15 என்று போன்ல தேடிப் பாருங்க, ஒரு கூட்டமே வந்து நிற்கும். மைசூரின் கிருஷ்ணராஜ சாகர் அணையைக் கட்டிய விஸ்வேஸ்வரய்யா 1861-ல் பிறந்தது இந்தத் தேதியில்தான். பொறியாளர் தினம் கொண்டாடுறதும் அதனாலதான். க்ரைம் கதை ராணி அகதா கிறிஸ்டி பிறந்ததும் இதே நாள், 1890-ல். 1959-ல் டெல்லியில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு தொடங்கியது, 2008-ல் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் திவாலாகி உலகச் சந்தையே ஆட்டம் கண்டது எல்லாம் இதே தேதிதான். ஐ.நா. சபை இந்த நாளை சர்வதேச ஜனநாயக தினமாகவும் அறிவிச்சிருக்கு.

இதே நாளில், 1909-ல், காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் சி.என்.அண்ணாதுரை. ஜனநாயக தினமும் அண்ணா பிறந்தநாளும் ஒண்ணா வந்தது தற்செயல்தான். ஆனா அதுல ஒரு பொருத்தம் இருக்கு. அதைப் புரிஞ்சுக்க முதல்ல உத்திரமேரூர் போகணும்.

குடமும் ஓலையும்

நீங்க சாலவாக்கம் பக்கத்து ஆளா இருந்தா, தாலுகா ஆபீஸ் வேலைக்காக உத்திரமேரூர் போயிருப்பீங்க. அடுத்த முறை வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரையும் பார்த்துட்டு வாங்க. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ம் ஆண்டுகளில் வெட்டிய குடவோலைத் தேர்தல் விதிகள் அங்கே இருக்கு. ஊரில் 30 குடும்புகள், அதாவது வார்டுகள். தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வாங்க. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும், அவருடைய நெருங்கிய சொந்தங்கள் பெயரும் குடத்துக்குள் போகாது. 1,100 வருஷத்துக்கு முன்னாடியே இது!

பெருமைப்படலாம், தப்பில்ல. ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. அது பிராமணர் ஊர்ச்சபை. சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு, 35 முதல் 70 வயது என்று தகுதிகள் நீளும். பெண்களுக்கு இடமில்லை. நெசவாளர் வீட்டுப் பிள்ளையின் பெயரும் அந்தக் குடத்தில் விழுந்திருக்காது.

கிளார்க் டு முதல்வர்

அந்தப் பிள்ளைக்கு வாழ்க்கை ஈஸியா அமையலை. சித்தி ராஜாமணி அம்மாள்தான் வளர்த்தார். குடும்பச் சூழலால் இடையில் படிப்பை விட்டு, காஞ்சிபுரம் நகராட்சியில் கிளார்க் வேலை பார்த்தார். பிறகு மறுபடி படிப்புக்குத் திரும்பி, சென்னை பச்சையப்பன் கல்லூரியில் எம்.ஏ. வரை முடிச்சார். 1934-ல் திருப்பூரில் பெரியாரைச் சந்தித்த பிறகு அவர் பாதையே மாறிப்போச்சு. 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை, 1942-ல் 'திராவிட நாடு' வார இதழ், நாடகம், 'வேலைக்காரி' மாதிரியான சினிமா என எல்லா மேடையிலும் ஏறினார். 1949-ல் பெரியாரிடமிருந்து பிரிந்து தி.மு.க-வைத் தொடங்கினார்.

1957-ல் முதல்முறையா சட்டசபைத் தேர்தலைச் சந்தித்து, காஞ்சிபுரத்தில் ஜெயிச்சு சட்டசபைக்குப் போனார். கட்சிக்கு 15 இடங்கள். 1962-ல் கட்சி 50 இடங்களுக்கு வளர்ந்துச்சு. ஆனா அண்ணா? சொந்த ஊரிலேயே தோத்துட்டார். கட்சியே ஜெயிக்க, தலைவர் மட்டும் தோற்பது எப்படி வலிச்சிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அவர் ஒதுங்கிடலை. மாநிலங்களவைக்குப் போய் அங்கே பேசினார். தனி நாடு கோரிக்கையைக் கைவிட்டு, மாநிலங்களுக்கு அதிக அதிகாரம் என்ற பாதைக்குக் கட்சியைத் திருப்பினார். அஞ்சே வருஷத்தில், 1967 மார்ச் 6-ம் தேதி முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

இரண்டு வருஷம்கூட இல்லை

ரூபாய்க்கு மூணு படி அரிசி தரணும்னு ஆசை. கஜானா இடம் கொடுக்கலை. சென்னையிலும் கோவையிலும் ஒரு படியோடு தொடங்கினார். புரோகிதர் இல்லாம, உறவினர், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றி நடக்கும் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தார். ஏற்கெனவே அப்படி நடந்த கல்யாணங்களும் செல்லும்னு ஆச்சு. 1968-ல் இருமொழிக் கொள்கை. 1969 பொங்கலன்று மெட்ராஸ் மாநிலம் 'தமிழ்நாடு' ஆனது. அதற்குள் புற்றுநோய் அவரைப் பாதி தின்றிருந்தது. அமெரிக்காவில் ஆபரேஷன் செய்தும் பலன் நிலைக்கலை. பெயர் மாறிய 20-வது நாள், பிப்ரவரி 3-ம் தேதி, 59 வயதில் இறந்தார். இறுதி ஊர்வலத்துக்குத் திரண்ட கூட்டம் கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடிச்சது.

இப்ப குடம் உங்க பக்கம்

உத்திரமேரூர் சுவர் சொல்ற ஒரு விதி இன்னைக்கும் வேணும்: கணக்குக் காட்டணும். இப்பவும் தேர்தல் செலவுக் கணக்கைச் சரியா கொடுக்காத வேட்பாளரை மூணு வருஷம் வரை தகுதிநீக்கம் செய்யலாம். ஆனா நிலம், சாதி, படிப்பு என்ற மற்ற பூட்டுகள் உடைஞ்சுபோச்சு. தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர் கோட்டைக்குப் போக முடிஞ்சது அதனாலதான். ஒருமுறை தோத்தவரும் திரும்ப வர முடிஞ்சது.

ஓட்டுப் போட 18 வயசு, ஊராட்சித் தேர்தலில் நிக்க 21 வயசு போதும். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் உங்க வார்டில் யார் நிக்கிறாங்கன்னு பாருங்க. சரியான ஆள் இல்லைன்னு தோணுச்சா? நீங்களே நிக்கலாம்!