இசைத்தட்டில் அடங்காத பட்டம்மாள்

டி.கே. பட்டம்மாள் என்றதும் பெரும்பாலோர் நினைவில் ஒலிப்பவை, திரைப்படங்களில் அவர் பாடிய பாரதியார் பாடல்கள்தாம். சுதந்திர தினம் நெருங்கும்போது அவற்றைத் தேடிக் கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மறைந்து பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலான பின்பும் ஒரு குரல் நாட்டின் விழாவோடு இணைந்திருப்பது சாதாரணப் பெருமை அல்ல. ஆயினும், அவரது இசையை நாற்பதாண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுவரும் ரசிகன் என்ற முறையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நாம் நினைவில் வைத்திருப்பது மூன்று நிமிடப் பாடல்களின் பட்டம்மாளை. கச்சேரி மேடையில் அறுபதாண்டுக் காலம் வளர்ந்துகொண்டே இருந்த பட்டம்மாளைக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்து வருகிறோம்.

அவர் 1919 மார்ச் மாதம் காஞ்சிபுரத்தில் பிறந்தார். இயற்பெயர் அலமேலு. தந்தை தாமல் கிருஷ்ணசாமி தீட்சிதர். பெயரின் முன்னுள்ள முதல் எழுத்து காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் என்னும் ஊரைக் குறிக்கும். தாயார் காந்திமதி நன்றாகப் பாடக்கூடியவர். ஆனால், வெளியார் முன்னிலையில் அவர் பாடுவதற்கு அக்காலக் குடும்ப வழக்கம் இடம் தரவில்லை. வீட்டுப் பெண்களின் உழைப்பு தேசிய வருமானக் கணக்கில் சேர்வதில்லை என்று பல ஆண்டுகள் வகுப்பறையில் பாடம் நடத்தியவன் நான். அந்தத் தாயாரின் பாட்டும் அப்படி எந்தக் கணக்கிலும் ஏறாமல் போனது. அவர் மகளின் குரலில்தான் அதற்கு ஒரு பதிவு கிடைத்தது.

பட்டம்மாள் ஒரே குருவின் வீட்டில் தங்கி முறையாகக் குருகுலவாசம் செய்தவர் அல்லர். தந்தை கற்றுத்தந்த சுலோகங்கள், வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்த தெலுங்கு வாத்தியார் ஒருவர், திருப்புகழ் பயிற்றுவித்த அப்பாதுரை ஆச்சாரி என்று பலரிடமிருந்தும் அவர் பெற்றுக்கொண்டார். எல்லாவற்றுக்கும் மேலாக அவரை உருவாக்கியது கேள்வி ஞானம். அந்தக் கேள்வி ஞானத்தின் ஊற்றுக்கண் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை.

நயினாப் பிள்ளை 1889-இல் பிறந்து 1934-இல் மறைந்தவர். புகழ்பெற்ற பாடகி தனகோடி அம்மாளின் குடும்பத்தில் வந்தவர். மிருதங்கத்தோடு கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று லய வித்துவான்களை வரிசையாக அமர்த்திக்கொண்டு பாடுவார். அதை 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி என்பார்கள். அத்தனை தாளக் கலைஞர்களுக்கு நடுவிலும் அவரது கணக்கு அசையாது. சித்தூர் சுப்பிரமணியப் பிள்ளை அவருடைய சீடர். வீணை தனம்மாளின் பேத்திகளான பிருந்தாவும் முக்தாவும் அவரிடம் கற்றவர்கள். காஞ்சிபுரத்தில் அவர் நடத்திய தியாகராஜ உற்சவங்களில்தான் சிறுமி பட்டம்மாள் அவரையும் வெளியூர் வித்துவான்களையும் கேட்டார். அவரை மானசீக குருவாக ஏற்றார். நயினாப் பிள்ளையின் குரலில் ஓர் இசைத்தட்டுகூட நமக்குக் கிடைக்கவில்லை. அவர் எப்படிப் பாடியிருப்பார் என்பதை அவருக்குப் பின் வந்தவர்களின் பாட்டிலிருந்துதான் நாம் ஊகிக்க வேண்டும்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்க ஒரு சொல் போதும்: கோர்வை. பட்டுச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக இருந்தால், மூன்று நாடாக்களைக் கொண்டு, உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளுமாறு நெய்வார்கள். தறியில் நெய்பவரோடு துணைக்கு இன்னொருவரும் அமர்ந்து நாடாவைப் போட்டுக்கொடுக்க வேண்டும். அந்தப் பூட்டுக்குப் பெயர் கோர்வை. சங்கீதத்தில், தாளக் கணக்கோடு அடுக்கப்பட்டு, பாட்டின் எடுப்பு இடத்தில் பிசகாமல் வந்து சேரும் சுரத் தொடருக்கும் கோர்வை என்றே பெயர். பாடகரும் மிருதங்கக்காரரும் வெவ்வேறு வழியில் புறப்பட்டு அந்த ஓரிடத்தில் கூடுகிறார்கள். கூடும் இடம் இம்மி விலகினாலும் நெசவிலும் தெரியும், பாட்டிலும் தெரியும்.

கச்சேரியில் இந்தக் கணக்கு முழுமையாக வெளிப்படும் இடம் ராகம், தானம், பல்லவி. பல்லவி என்பது ஒரே ஓர் அடிதான். அந்த ஓரடியை வைத்துக்கொண்டு பாடகர் நிரவல் செய்வார். கையில் தாளம் மாறாதிருக்க, பாட்டின் வேகத்தை மட்டும் மாற்றி மூன்று காலங்களில் பாடுவார். பின்னர் சுரம் பாடுவார். அதை விரிவாகப் பாட ஒரு மணி நேரம்கூட ஆகலாம். இது ஆண் வித்துவான்களுக்கே உரியது என்ற எண்ணம் மேடைகளில் வேரூன்றியிருந்த காலத்தில், கடினமான பல்லவிகளை எடுத்துப் பாடி 'பல்லவி பட்டம்மாள்' என்று பெயர் பெற்றார் அவர்.

மேடைக்கு அவர் வந்த வழி எளிதாக இருக்கவில்லை. 1929-இல், பத்து வயதில், சென்னை மாநகராட்சி வானொலியில் பாடினார். 1932-இல் சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் முதல் கச்சேரி. வைதிக பிராமணக் குடும்பத்துப் பெண் பொதுமேடையில் அமர்ந்து பாடுவது அன்று பேச்சுக்கும் ஏச்சுக்கும் உரிய செயல். முதலில் தயங்கிய தந்தை பின்னர் துணையாக நின்றார். திருமணத்துக்குப் பிறகு கணவர் ஈஸ்வரனும் அவ்வாறே நின்றார்.

இங்கே ரசிகர்கள் செய்யும் ஒரு மிகையைச் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. பொதுமேடையில் பாடிய முதல் பெண், பல்லவி பாடிய முதல் பெண் என்றெல்லாம் அவரைப் புகழ்வதுண்டு. அவருக்கு முன்பே வீணை தனம்மாள், காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், பெங்களூர் நாகரத்தினம்மாள் எனப் பெரும் வித்வாம்சம் கொண்ட பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கு மேடை இருந்தது. சமூகம் அவர்களுக்கு உரிய மதிப்பைத் தர மறுத்தது. பட்டம்மாளின் குடும்பத்துக்கு மதிப்பு இருந்தது, மேடை மறுக்கப்பட்டிருந்தது. அவர் உடைத்தது இந்த இரண்டாவது தடையை. முன்னவர்களை மறைத்து அவருக்குப் பெருமை சேர்க்க வேண்டிய தேவை இல்லை. அவர் பெற்ற லய ஞானமே தனகோடி அம்மாளின் குடும்பத்திலிருந்து கிடைத்த கொடை.

சென்னைக்கு வந்த பின் அவரது இசை புதிய திசையில் விரிந்தது. 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' நூலை 1904-இல் வெளியிட்ட எட்டயபுரம் சுப்பராம தீட்சிதரின் மகன் அம்பி தீட்சிதரிடமும், பிற்காலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதியான டி.எல். வேங்கடராம ஐயரிடமும் முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளைக் கற்றார். தீட்சிதர் காஞ்சியில் தங்கியிருந்தவர். காமாட்சியையும் ஏகாம்பரநாதரையும் பாடியவர். சிறுவயதில் கோயிலில் வணங்கிய தெய்வங்களை வேறோர் ஊரில், ஒரு பரம்பரையின் வழியாக, பாட்டாகப் பெற்றுக்கொண்டார் பட்டம்மாள். பாபநாசம் சிவனிடம் நேரடியாகக் கற்ற தமிழ்ப் பாடல்களும் அவரது கச்சேரிகளில் இடம்பெற்றன.

அதே காலத்தில்தான் திரைப்படமும் அவரைத் தேடி வந்தது. கே. சுப்ரமணியம் இயக்கிய 'தியாகபூமி' (1939) படத்தில் தேச சேவைக்கு அழைக்கும் பாடலைப் பாடினார். அந்தப் படத்தை ஆங்கிலேய அரசு பின்னர் தடை செய்தது. 1947-இல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்தில் அவர் பாடிய பாரதியின் சுதந்திரப் பள்ளு, விடுதலையின் குரலாகவே ஆகிவிட்டது. நாடு விடுதலை பெற்ற வேளையில் சென்னை வானொலியில் அவர் பாடினார். பக்தியும் தேசபக்தியும் தவிர்த்த பாடல்களைத் திரைக்குப் பாடுவதில்லை என்பதில் உறுதியாக இருந்தார். சந்தையை அவர் வெறுக்கவில்லை; எதை விற்பது, எதை விற்காமல் வைத்துக்கொள்வது என்பதைத் தாமே முடிவு செய்தார்.

அவரது ரசிகர்களிடையே ஓயாத வாதம் ஒன்று உண்டு. முப்பது, நாற்பதுகளின் இசைத்தட்டுகளில் கேட்கும் துடிப்பான குரலே உண்மையான பட்டம்மாள் என்பது ஒரு சாரார் கட்சி. பின்னாளில் வேகம் குறைந்தது, சுருதி இறங்கியது, பாட்டு கனமாகிவிட்டது என்பது அவர்கள் குறை. இதை நான் ஏற்பதில்லை. அறுபதுகளில் அவர் பாடியவற்றையே நான் உச்சம் என்பேன். தம்பி டி.கே. ஜெயராமன் உடன் பாட, தீட்சிதரின் கிருதியை அவர் நிதானமாக விரிக்கும்போது, ஒவ்வொரு சொல்லும் தனக்குரிய இடத்தில் வந்து அமரும். வேகமாகப் பாடுவதைவிடச் சௌக்க காலத்தில் பாடுவதே கடினம் என்பது லயம் அறிந்தவர்களுக்குத் தெரியும். இரு தட்டுகளுக்கு நடுவே இடைவெளி கூடக்கூட, தாளத்தைப் பற்றிக்கொள்ளப் பிடிமானம் குறையும். அந்த இடைவெளியில் பதற்றமின்றி நிற்கும் துணிவு அவருக்கு வயதோடு வந்தது.

மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் பொதுவாகப் பெண்களுக்கு வாசிப்பதில்லை என்றிருந்தவர். பட்டம்மாளுக்கு வாசித்தார். மணி ஐயரின் மகள் லலிதா, பட்டம்மாளின் மகன் சிவகுமாரை மணந்தார். இரு குடும்பங்களும் ஒன்றாயின. 1970-இல் மியூசிக் அகாதெமி பட்டம்மாளுக்கு 'சங்கீத கலாநிதி' விருது அளித்தது. 1968-இல் எம்.எஸ். சுப்புலட்சுமி பெற்ற பின் அவ்விருதைப் பெற்ற இரண்டாவது பெண் அவர். பத்மபூஷண் 1971-இல் வந்தது. பத்மவிபூஷண் 1998-இல் வந்தது.

எண்பதுகளில் சென்னை மார்கழிக் கச்சேரிகளில் அவரை நேரில் கேட்டிருக்கிறேன். குரலில் முதுமை தெரிந்தது, கணக்கில் தெரியவில்லை. அலங்காரங்கள் உதிர்ந்து, ராகத்தின் எலும்புக்கூடும் தாளத்தின் முதுகெலும்பும் மட்டும் நின்றன. பலருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததும் இதே காலத்தில் தொடர்ந்தது. பேத்தி நித்யஸ்ரீ மேடையில் வளர்ந்ததையும் அவர் பார்த்தார். 2000-இல் வெளிவந்த 'ஹே ராம்' படத்துக்காக இளையராஜா இசையில், எண்பது வயதில், காந்தியடிகளுக்கு உகந்த குஜராத்தி பஜனைப் பாடலைப் பாடினார். 2009 ஜூலை 16 அன்று சென்னையில் காலமானார்.

இத்தனை வளர்ச்சியில் பொதுநினைவு பிடித்துவைத்துக்கொண்டது எவ்வளவு? பழைய 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று, நான்கு நிமிடங்களே ஓடும். கிருதியைச் சுருக்கி அதில் அடைக்கலாம். பல்லவியை அடைக்க முடியாது. ஆகவே, எந்தக் கலையால் அவர் 'பல்லவி பட்டம்மாள்' ஆனாரோ அந்தக் கலை, அவரது புகழ் பரவிய ஊடகத்தில் இடம்பெறவே இல்லை. அளக்க எளிதானதை மட்டும் அளந்துவிட்டு, அளவில் சிக்காததை மறந்துவிடும் பழக்கம் பொருளாதாரத்துக்கு மட்டும் உரியதன்று.

நயினாப் பிள்ளையின் குரல் போய்விட்டது. அதை இனி மீட்க முடியாது. பட்டம்மாளின் நிலை அவ்வாறில்லை. வானொலிக் காப்பகத்திலும், சபாக்களின் சேமிப்பிலும், ரசிகர்களின் வீட்டு அலமாரிகளில் உறங்கும் ஒலிநாடாக்களிலும் கச்சேரிப் பதிவுகள் இருக்கின்றன. ஒலிநாடா அழியக்கூடிய பொருள்; ஆண்டுக்கு ஆண்டு அதன் ஒலி மங்கும். அவற்றை மின்வடிவில் மாற்றி, தேதியும் இடமும் பக்கவாத்தியக்காரர் பெயர்களும் குறித்து, காலவரிசையில் பொதுமக்கள் கேட்கும்படி செய்ய வேண்டும். இசைப் பல்கலைக்கழகமும் வானொலியும் மனம் வைத்தால் இது பெரும் செலவு பிடிக்கும் பணி அன்று. அதன் ஒரு பிரதி அவர் பிறந்த காஞ்சிபுரத்தில், மாணவர்கள் வந்து கேட்கக்கூடிய ஒரு நூலகத்தில் இருக்க வேண்டும்.

சுதந்திர தினத்தன்று அவரது பாரதி பாடல்களைக் கேட்போம். அதில் குறைவு வேண்டாம். அதோடு, ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அவர் பாடிய பல்லவி ஒன்றைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை கேட்போம். கை தாளம் போட முயன்று இடையில் தவறும். தவறிய இடத்திலிருந்து மறுபடியும் பிடித்துக்கொள்ளலாம். காஞ்சிபுரத்துச் சிறுமி ஒருத்தி, உற்சவப் பந்தலில் அமர்ந்து நயினாப் பிள்ளையைக் கேட்டுக் கற்றுக்கொண்டதும் அப்படித்தான்.